நாங்கள் சுத்தம் செய்த சேறு

சனிக்கிழமை விடிந்தால் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. கடல் எத்தனை மணிக்கு வற்றும் என்று முதல் நாளே பார்த்து வைத்திருப்பேன். ஆனாலும் எழுந்ததும் ஒரு முறை, காரில் ஏறியதும் ஒரு முறை கைப்பேசியில் அதையே பார்ப்பேன். புக்கிட் செந்தோசாவிலிருந்து சுங்கை செம்பிலாங் கடற்கரைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். வழி முழுக்க யாரையாவது திட்டிக்கொண்டே போவேன். முன்னால் நகரும் லோரியைத் திட்டுவேன். பேருந்து புறப்பட்டுவிட்டதா என்று கேட்டால் கட்டைவிரல் படத்தை மட்டும் அனுப்பும் கம்பெனி ஆட்களைத் திட்டுவேன். காரின் பின்பக்கத்தில் பேனர், ரப்பர் பூட்ஸ், முதலுதவிப் பெட்டி, யாருக்கும் அளவு பொருந்தாத டீ சட்டைகள் எல்லாம் கிடக்கும். கம்பெனிகள் மரம் நடுவதற்கு ஏற்பாடு செய்து தருவது என் வேலை.

என் வீட்டுக்காரர் இன்னும் சிரிக்கிறார். மரம் நட ஆள் வைப்பார்கள், மரம் நட வருகிறவர்களைக் கூட்டிப்போகவுமா ஆள் வைப்பார்கள் என்பார். வைக்கிறார்கள். ரவாங்கில் நான் வேலை செய்யும் சின்ன நிறுவனம் முன்பெல்லாம் ஆண்டு விருந்தும் விளையாட்டுப் போட்டியும்தான் நடத்திக்கொண்டிருந்தது. பிறகு ஒவ்வொரு கம்பெனியும் தன் ஆண்டறிக்கையில் சுற்றுச்சூழல் கடப்பாடு என்று சில பக்கம் எழுத வேண்டிய காலம் வந்தது. எழுதினால் படம் வேண்டும். படத்துக்குச் சேறும் செடியும் சிரித்த முகமும் வேண்டும். எங்கள் முதலாளி மோப்பம் பிடிப்பதில் கெட்டிக்காரர். விருந்து மண்டபத்தை விட்டுவிட்டுக் கடற்கரைக்கு வந்துவிட்டார், என்னையும் இழுத்துக்கொண்டு.

நான்கு வருடம் இதைச் செய்ததில், வந்திருப்பது என்ன தொழில் செய்யும் கம்பெனி என்று கேட்காமலே சொல்லிவிடுவேன். வங்கிக்காரர்கள் ஈரத்தாள் கேட்பார்கள், அதுவும் சேற்றில் இறங்குவதற்கு முன்பே. கையுறைத் தொழிற்சாலை ஆட்கள் தலைக்கு மூன்று ஜோடி கையுறை கொண்டுவந்து, அவற்றில் இரண்டைச் சேற்றிலேயே விட்டுப் போவார்கள். கூரியர் கம்பெனிப் பையன்கள் அரை மணியில் எல்லாச் செடியையும் ஊன்றிவிட்டு, அடுத்து என்ன என்று இடுப்பில் கைவைத்து நிற்பார்கள். பெயின்ட் கம்பெனி வந்தால் அறிவிப்புப் பலகையின் பச்சை சரியான பச்சை இல்லை என்று ஒரு பஞ்சாயத்து நடக்கும். சிமெண்டுக்காரர்கள் மட்டும்தான் வாயைத் திறக்காமல் வேலை செய்வார்கள். அவர்களில் பாதிப் பேர் என்னைப்போல் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் பிறந்தவர்கள்.

சாப்பாடு, கோலசிலாங்கூரில் கடை வைத்திருக்கும் ஒரு பாயிடமிருந்து வரும். ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து இளவயதில் வந்தவர். பிளாஸ்டிக் கூடவே கூடாது என்று கம்பெனி சொன்னால், மறுபேச்சுப் பேசாமல் வாழையிலையிலும் தாளிலும் சோறு கட்டித் தருவார். அதே கம்பெனி தண்ணீர் போத்தல்களைப் பெட்டி பெட்டியாக இறக்குவதையும் பார்த்துக்கொண்டு நிற்பார்.

"மரம் நட வர்றவங்க வந்துட்டுப் போனப்புறந்தாம்மா இங்க குப்ப கெடக்குது," என்று ஒருநாள் முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார்.

செடிகளைத் தந்தவர் புக்கிட் ரோத்தானில் இருக்கும் ஓர் அக்கா. இரத்த உறவில்லை. நான் பிறந்த தோட்டத்தில் எங்களுக்கு அடுத்த லயத்து வரிசை வீட்டில் இருந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நாற்றங்காலில் செம்பனைக் கன்று வளர்த்துப் பழகிய கை. இப்போது வாரத்தில் ஐந்து நாள் ஒரு குத்தகைக்காரரிடம் மருந்தடிக்கும் வேலை பார்க்கிறார். டேங்கியை முதுகில் சுமந்துகொண்டு செம்பனைக் காட்டில் களைக்கொல்லி அடிக்க வேண்டும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டாலும் சாயங்காலம் சோறு கசக்கிறது என்பார். அவருடைய விரல் நகங்கள் இரண்டு கறுத்துப்போய், மறுபடி சரியாக முளைக்கவே இல்லை. சனி ஞாயிறுகளில் எனக்காகப் பாக்காவ் விதைகளைப் பையில் ஊன்றி வளர்த்தார். பாக்காவ் என்பது அலையாத்திக் காட்டு மரங்களில் ஒன்று. இங்கே தமிழர் வாயிலும் அந்த மலாய்ப் பெயர்தான் வரும்.

ஒருநாள் முதலாளி பெரிய செய்தி சொன்னார். ஐந்து கம்பெனிகள் சேர்ந்து அந்தக் கடற்கரைத் துண்டை ஐந்து வருடத்துக்குத் தத்தெடுக்கப்போகின்றனவாம். அப்படி எடுத்தால் இடத்தைப் பார்த்துக்கொள்ள நிரந்தரமாக ஓர் ஆள் வேண்டும். மாதச் சம்பளம், சேமநிதி, மருத்துவ விடுப்பு எல்லாம் உண்டு. இதுவரை நட்ட செடிகள் பிழைத்திருக்கின்றன என்று ஓர் அதிகாரி வந்து பார்த்துச் சொல்ல வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. எனக்குக் காலில் சக்கரம் கட்டியதுபோல் இருந்தது. அன்றைக்கே புக்கிட் ரோத்தான் போனேன்.

"அந்த டேங்கிய எறக்கி வச்சிடலாங்க்கா," என்றேன்.

அக்கா துவைத்த துணியைப் பிழிந்துகொண்டே என்னைப் பார்த்தார். "நெசமாத்தான் சொல்றியா? மனசுல ஆசைய கெளப்பிவுட்டுட்டு அப்பறம் இல்லேன்னு வந்து நிக்காத."

"நான் பாத்துக்கறேன்க்கா."

பார்த்துக்கொள்கிறேன் என்ற சொல் என் வாயில் மிகச் சுலபமாக வரும். வங்கிக்காரர்களிடமும் அதைத்தான் சொல்வேன், சிமெண்டுக்காரர்களிடமும் அதைத்தான் சொல்வேன். அக்காவிடம் சொன்னபோது மட்டும் அதை நானே நம்பினேன்.

ஒவ்வொரு முறையும், நடுகிற நாளுக்கு ஒரு வாரம் முன்பு நானும் அக்காவும் போய் இடத்தைச் சுத்தம் செய்வது வழக்கம். யாரும் எங்களிடம் அதைக் கேட்கவில்லை. எந்தக் கம்பெனியின் தாளிலும் அது எழுதியிருக்கவில்லை. ஆனால் நாங்கள் இரண்டு பேரும் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். கன்றைச் சுற்றி வட்டமாக மண் தெரிய வேண்டும், வரிசைக்கு நடுவில் ஒரு புல்லும் நிற்கக் கூடாது, கயிறு பிடித்துப் பார்த்தால் கன்றுகள் நேராக நிற்க வேண்டும். இவை எங்களுக்கு எழுத்துக்கு முன்பே தெரிந்தவை. ஒரு களை மிஞ்சினாலும், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லார் முன்னாலும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். அந்தப் பயம் அக்காவுக்கு இன்னும் போகவில்லை. எனக்கும் போகவில்லை என்பதை இப்போதுதான் ஒப்புக்கொள்கிறேன்.

சேற்றில் அங்கங்கே விரல் உயரத்துக்குச் செடிகள் முளைத்துக் கிடக்கும். தடித்த இலை இரண்டோ நான்கோ இருக்கும், மேலே பச்சை, கீழே சாம்பல் வெள்ளை. எங்கள் பைகளில் வளரும் பாக்காவுக்கு நீளமான, பளபளக்கும் இலை. இது அது இல்லை, அதனால் இது களை. எங்கள் கணக்கு அவ்வளவுதான். அக்கா குனிந்தால் நிமிர மாட்டார். இரண்டு கையாலும் பிடுங்கிச் சாக்கில் அடைத்து, மண்கரை மேல் தூக்கிப்போய் வெயிலில் கொட்டுவோம். முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் சேறு மெழுகிய தரையாகக் கிடக்கும். அக்காவுக்கு அப்போது முகத்தில் ஒரு பெருமை வரும். எனக்கும் படம் நன்றாக விழும் என்று மனம் குளிரும்.

ஒரு முறை, சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று கேட்க வந்த பாய், மண்கரையில் கொட்டிக் கிடந்ததைக் காலால் தள்ளிப் பார்த்தார்.

"இத ஏம்மா புடுங்குறீங்க? எங்க ஊரு கழிமுகத்துல இதுமாரி தானா மொளச்சு வரும். நல்ல மரமாச்சே."

"கடக்காரருக்கு செடியப் பத்தி என்னா தெரியும்? ரொட்டி போடச் சொல்லு," என்று அக்கா என்னிடம் சொன்னார், பாய்க்குக் கேட்கும்படியாகவே. நானும் சிரித்தேன். பாய், "என்னமோ செய்யுங்க," என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

நாங்கள் நட்ட செடிகள் மூன்று நான்கு மாதத்தில் செத்தன. அலை ஆட்டியது. தண்டில் சிப்பிப் பூச்சிகள் ஒட்டின. பாசி சுற்றி, இலை உதிர்ந்து, கடைசியில் வரிசையாகக் குச்சிகள் நின்றன. அடுத்த கம்பெனி வருவதற்குள் குச்சிகளைப் பிடுங்கி, புதிதாக முளைத்திருந்த களைகளையும் பிடுங்கி, அதே இடத்தில் மறுபடி நட்டோம். பழைய பலகையைக் கழற்றிவிட்டு அடுத்ததை மாட்டினோம். வங்கி நட்ட இடத்தில் கையுறை நட்டது, கையுறை நட்ட இடத்தில் பெயின்ட் நட்டது. முதலாளியிடம் சொன்னேன். "கடல்னா அப்படித்தான்," என்றார். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்தால் மேசைக்கடியில் கால் தானாக ஆடிக்கொண்டிருக்கும். பக்கத்து மேசைப் பெண், நிலநடுக்கமா என்று கேட்கிற அளவுக்கு ஆடும்.

அதிகாரி வந்து பார்ப்பதற்குப் பத்து நாள் இருந்தபோது அக்காவை ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். மண்கரையில் ஏறிப் பார்த்தேன். கடைசியாக நட்டவையும் குச்சிகளாகத்தான் நின்றன. பச்சையாக இருப்பதை எண்ணினால் இரண்டு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். அக்கா வலது பக்கம் நடந்தார். அங்கே ஒரு வாய்க்கால் குறுக்கே ஓடும். அதற்கு அப்பால் நாங்கள் நட்டதில்லை. பேருந்து நிற்கிற இடத்துக்குத் தூரம், படம் எடுக்க வெளிச்சமும் சரிவராது. அக்காவின் முட்டிக்கு வாய்க்காலைத் தாண்டுவது கஷ்டம் என்பதால் நாங்கள் சுத்தம் செய்யவும் போனதில்லை. அந்தப் பக்கம் ஏதோ புதர் மண்டிக் கிடக்கிறது என்றுதான் நினைத்திருந்தோம்.

அன்றைக்கு அக்கா தாண்டினார். நானும் தாண்டினேன். புதர் இல்லை. நெஞ்சு உயரத்துக்கு இளமரங்கள் நெருக்கமாக நின்றன. கீழே சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக வேர்கள் மேலே நீட்டிக்கொண்டிருந்தன. நண்டுகள் ஓடின. அக்கா ஓர் இலையைப் பறித்து, திருப்பி, அடிப்பக்கத்தைப் பார்த்தார். பிறகு மரத்தடியில் குந்தி, விரல் உயரத்தில் நின்ற ஒரு முளையைத் தொட்டார். பிடுங்கவில்லை.

"தங்கச்சி, இங்க வா. இதத்தான் நாம புடுங்கினோம்."

"இல்லக்கா. அது வேற, இது வேற."

"எத்தன சாக்கு புடுங்கியிருப்பேன். என் கைக்குத் தெரியாதா?"

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. கம்பெனிகள்மேல் போடலாம் என்றால், அவர்கள் பிடுங்கச் சொல்லவில்லை. முதலாளி அந்தச் சேற்றில் கால் வைத்ததே இல்லை. கடல் தன் பாட்டுக்கு விதைகளைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தது. நான்கு வருடமாக அதைப் பிடுங்கி வெயிலில் காய வைத்தவர்கள் நாங்கள் இரண்டு பேர். வெட்கமாக இருந்தது. ஒரு சோற்றுக்கடைக்காரர் நின்ற நிலையில் கண்டுகொண்டதை, மண்ணிலேயே பிறந்து வளர்ந்த நாங்கள் சிரித்துத் தள்ளியிருக்கிறோம்.

அங்கிருந்தே முதலாளியைக் கூப்பிட்டேன். அவர் பதறவே இல்லை. "அந்தப் பக்கம் மரம் இருக்குதானே? நட்ட செடிக்குக் கட்டுற எண் அட்டைய அதுல கட்டிடு," என்றார். நான் அக்காவிடம் சொன்னேன். மாட்டேன் என்று அவர் சொல்லுவார், சொன்னால் நானும் தப்பித்துக்கொள்ளலாம் என்று ஒரு நப்பாசை இருந்தது.

"கட்டிருவோம்," என்றார் அக்கா. "யாரு நட்டா என்னா? உசுரோட இருக்குல்ல. எனக்கு இந்த வேல வேணும் தங்கச்சி. இன்னொரு வருசம் அந்த மருந்த மோந்தேன்னா நான் ஆளா இருக்க மாட்டேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கட்டினோம். பிளாஸ்டிக் அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஓர் எண், ஒரு கம்பெனியின் சின்னம். தானாக முளைத்த மரமெல்லாம் எங்கள் கையால் ஒன்று வங்கிக்கும் ஒன்று பெயின்டுக்குமாகச் சொந்தமாகிக்கொண்டே வந்தது. அந்த வாரம் நான் வீட்டில் இரண்டு கண்ணாடிக் குவளைகளை உடைத்தேன். காரணமில்லாமல் வீட்டுக்காரரிடம் எரிந்து விழுந்தேன். வேலைக்குப் போகும் வழியில் திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், வெகுதூரம் ஓட்டிய பிறகுதான் எங்கே போகிறேன் என்று பார்த்தேன்.

அதிகாரி ஐந்து கம்பெனிகளுக்கும் சேர்த்து வங்கியிலிருந்து வந்தார். முப்பது வயதிருக்கும், நம் தமிழ்ப் பெண். பூட்ஸ் அவரே கொண்டுவந்திருந்தார், ஈரத்தாள் கேட்கவில்லை. வாய்க்காலைத் தாண்டி மரங்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"சூப்பர்லா இது. நான் இவ்ளோ எக்ஸ்பெக்ட் பண்ணல. நீங்கதான் பாத்துக்கிட்டீங்களா அக்கா?"

"ஆமாம்மா," என்றார் அக்கா. அன்றைக்கு நல்ல சேலை கட்டிக்கொண்டு, அதை முழங்கால் வரை தூக்கிச் செருகியிருந்தார்.

அதிகாரி படங்கள் எடுத்தார். நூல் கட்டிய அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தார். பிறகு கொஞ்சம் யோசித்தார்.

"ஒரே ஒரு விஷயம். இப்படி கலந்து கெடந்தா டிரோன்ல எடுக்கறப்ப எந்த பிளாக் யாருதுன்னு தெரியாது. அடுத்த ஃபேஸ்ல இத கிளியர் பண்ணிட்டு, லைனா நட்டு, அஞ்சு கம்பெனிக்கும் அஞ்சு பிளாக்கா பிரிச்சிடலாம். முடியுமா அக்கா? உங்க முதல் வேலையே அதுதான்."

"முடியும்மா. ரெண்டு ஆளு குடுத்தீங்கன்னா ஒரு வாரத்துல வெட்டிரலாம்."

அக்கா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வேலை கொடுப்பவர் முடியுமா என்று கேட்டால் முடியும் என்றுதான் எங்கள் லயத்தில் எல்லாரும் சொல்வார்கள். முடியாது என்று சொன்னவர்கள் அடுத்த நாள் பெரட்டில் நின்றதில்லை. ஆனால் நான் அந்த மரங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு அதைக் கேட்டேன். மறுபடியும் அதே சாக்குகள், அதே மண்கரை என்று கண்முன் வந்தது.

"இந்த மரத்த நாங்க நடலம்மா," என்றேன். அக்காவின் பக்கம் திரும்பாமல், அதிகாரியின் கையிலிருந்த அட்டையைப் பார்த்தே பேசினேன். "தானா வந்தது. அட்டைய போன வாரம் கட்டினோம். நாங்க நட்டது அந்தப் பக்கம் நிக்கிற குச்சிங்க. இங்க யாரும் எறங்காம இருந்ததாலதான் இது வளந்திருக்கு."

அதிகாரி குச்சிகளைப் பார்த்தார். கத்தவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அப்ப இந்த எடத்துக்கு நாங்க என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யாம இருந்தா போதும்மா."

"ஒண்ணும் செய்யலன்னு எப்படி ரிப்போர்ட்ல போடுறது?" அவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே என்னிடம் பதில் எதிர்பார்த்தார்.

"காவலுக்கு மட்டும் இந்த அக்காவப் போட்டுக்கலாம்," என்றேன். சொல்லும்போதே அது நிற்காது என்று தெரிந்தது. ஆளே இறங்கக் கூடாத இடத்துக்கு எதற்கு மாதச் சம்பளத்தில் ஓர் ஆள் என்று மேலே இருப்பவர்கள் கேட்பார்கள். அதிகாரி நன்றி சொன்னார், பேசிவிட்டுத் தகவல் தருவதாகச் சொன்னார். திரும்பும்போது அக்கா முன்னால் ஏறாமல், பின் இருக்கையில் பேனருக்கும் பூட்ஸுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டார்.

இரண்டு வாரத்தில் மின்னஞ்சல் வந்தது. ஐந்து கம்பெனிகளும் தங்கள் கடப்பாட்டைப் பள்ளிக்கூடங்களுக்கு மறுசுழற்சித் தொட்டி வைப்பதற்கு மாற்றிக்கொண்டன. மரங்களை யாரும் வெட்டவில்லை, அந்தப் பக்கம் இப்போது யாரும் போவதும் இல்லை. முதலாளி என்னைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் திட்டினார். பிறகு, தொட்டிக்கு நல்ல வண்ணப் பலகை செய்து தரும் ஆளைப் பிடி என்றார். என் வேலை போகவில்லை. சம்பளத்திலும் ஒரு காசு குறையவில்லை.

செய்தியைத் தொலைபேசியில் சொல்ல மனம் வராமல் புக்கிட் ரோத்தானுக்கு நேரில் போனேன். அக்கா அப்போதுதான் மருந்தடித்துவிட்டு வந்திருந்தார். வாசல் குழாயடியில் முகத்தில் கட்டும் துணியை அலசிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டார்.

"மரத்த வெட்டலில்ல?"

"இல்லக்கா."

"நல்லது." துணியை உதறிக் கொடியில் போட்டார். "நீ சொன்னது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். போனது ஒன்னோட வேல இல்ல தங்கச்சி, என்னோடது."

"நேரம் இல்லக்கா. அந்தப் பொண்ணு முன்னாடி நின்னுக்கிட்டு என்னான்னு கேக்கறது," என்றேன்.

அக்கா எனக்குத் தேநீர் கலக்க உள்ளே போனார். நேரம் இருந்தது. என் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில்தான் அவர் நின்றுகொண்டிருந்தார். ஒரு முறை திரும்பி அவர் முகத்தைப் பார்த்திருந்தால் போதும், சொல்லாதே என்று கண்ணாலேயே கெஞ்சியிருப்பார். அது எனக்குத் தெரியும். அதனால்தான் நான் திரும்பவில்லை.